‘குரலில் மாற்றம் உண்டா?’ ஆம் என்றால் அடுத்து என்ன கேட்பது? தொண்டைப் புற்றுநோய் இழை

#1 வெண்சங்கு

30 வயது தாண்டியவர்களிடம் வீடு வீடாகப் போய் நிரப்பும் படிவத்தில், ஆறாத வாய்ப்புண், வாய் திறக்கச் சிரமம் இவற்றோடு ‘குரலில் மாற்றம் உண்டா’ என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. வாய்க்கு ‘ஆம்’ வந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். குரலுக்கு ‘ஆம்’ வந்தால் டார்ச் உதவாது. உள்நாக்கு, டான்சில், பின்சுவர் தெரியும், அதற்குக் கீழே இருட்டு. சளி பிடித்தவர், வாத்தியார், சந்தையில் கூவி விற்பவர், பீடி குடிப்பவர் எல்லோரும் அந்த ஒரே கட்டத்தில்தான் டிக் ஆகிறார்கள். எல்லோரையும் மேலே அனுப்பினால் அங்கே திட்டு. அனுப்பாமல் விட்டால் நமக்குத் தூக்கம் வராது.

‘ஆம்’ வந்த பிறகு களத்திலேயே கேட்டுப் பிரிக்கக்கூடிய கேள்விகள் எவை? வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘10 அறிகுறிகள்’ பட்டியலைத் தயவுசெய்து ஒட்ட வேண்டாம். இருமலில் தொடங்கி உடல் சோர்வு வரை அதில் இல்லாதது இல்லை.

#2 இடைச்சுவர்

முதல் கேள்வி நாள் கணக்கு, சிஸ்டர். சளியோடு வந்த தொண்டைக் கட்டு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். மூன்று வாரம் தாண்டியும் கம்மல் இருந்தால் குரல் நாணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். 2018இல் வந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வழிகாட்டுதல் நாலு வாரம் வரை இடம் தருகிறது. ஆனால் புகைப்பவர், கழுத்தில் கட்டி உள்ளவர், மூச்சு வாங்குபவர் என்றால் அந்த நாலு வாரத்தையும் காத்திருக்காதே என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பிரிட்டனில் 45 வயதைத் தாண்டியவருக்குக் காரணம் தெரியாத, விடாத கம்மல் இருந்தால் அவசரப் பரிந்துரை.

இரண்டாவது: “நடுவில் ஒரு நாளாவது குரல் பழையபடி வந்ததா?” வாத்தியாருக்கும் கூவி விற்பவருக்கும் நாணில் காய்ப்பு விழுந்திருக்கும். காலையில் நன்றாக இருந்து மாலையில் கம்மும், கோடை விடுமுறையில் தேறும். புற்றில் நல்ல நாள் கிடையாது. இந்த வாரம் போன வாரத்தை விட மோசம், அவ்வளவுதான்.

இந்த இரண்டைக் கேட்டாலே உங்கள் ‘ஆம்’ பாதிக்குக் கீழே வந்துவிடும்.

#3 ஸ்லைடு_வாசகன்

குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சுலபமானது மட்டும்தான் சிக்கும். தொண்டைப் புற்றுநோய் என்பது ஒரு பெயர், ஒரு இடமல்ல. மைக்ராஸ்கோப்பில் 10இல் 9க்கு மேல் ஒரே வகைதான், செதிள் செல் புற்று. முளைத்த இடத்தைப் பொறுத்து அறிகுறி, பரவும் வேகம், பிழைக்கும் வாய்ப்பு எல்லாமே மாறும். இடைச்சுவர் சார் இடவாரியாகச் சொன்னால் நல்லது.

#4 இடைச்சுவர்

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

குரல் நாண். இங்கே சில மில்லிமீட்டர் தடிப்பு வந்தாலே அதிர்வு கெட்டுக் குரல் மாறிவிடும். அதாவது நோய் சின்னதாக இருக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடுகிறது. போதாததற்கு, நாணின் விளிம்பில் நிணநீர்க் குழல்கள் மிகக் குறைவு. அதனால் கழுத்துக்குப் பரவவும் நாளாகும். நாணோடு நின்று, நாண் நன்றாக அசையும் நிலையில் பிடித்தால் 100க்கு 90 பேரளவில் கட்டுப்படும், அதுவும் கதிர்வீச்சு அல்லது லேசர் ஏதாவது ஒன்றிலேயே. தொண்டைப் புற்றுகளில் இதுதான் கொஞ்சம் இரக்கமுள்ளது. இதையும் ஆறு மாதம் மிட்டாய் சப்பிக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நாணுக்கு மேலே உள்ள பகுதி, குரல்வளை மூடியைச் சுற்றி. இங்கே முளைத்தால் குரல் கரகரக்காது. சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குழறும். ஒரு பக்கமாக விழுங்கும்போது வலிக்கும். நிணநீர்க் குழல்கள் இங்கே ஏராளம், அதனால் கழுத்தில் நெறிகட்டுவதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

குரல்வளைக்கு இருபுறமும், உணவு இறங்கும் வழியில் இருக்கும் பள்ளங்கள். ஆங்கிலத்தில் பைரிஃபார்ம் சைனஸ். இதுதான் ஊமைக் கள்ளன். கட்டி பெரிதாக வளர இடம் இருக்கிறது, குரலும் மாறாது. காது வலி, கழுத்துக் கட்டி, எச்சில் விழுங்கும்போது ஒரே இடத்தில் குத்தல். குரல் மாறிவிட்டதென்றால் நோய் உள்ளே பாய்ந்து நாணையே அசையாமல் கட்டிவிட்டது என்று பொருள். அதாவது நாண் புற்றில் ஆரம்ப அறிகுறியாக இருக்கும் கம்மல், இங்கே முற்றிய அறிகுறி.

டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும். ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருப்பது, நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் இழுப்பது, எச்சிலில் ரத்தக் கீற்று.

மூக்கின் பின்புறம், மேலே. பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்கக் காது மட்டும் அடைத்து, செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்திருந்தால், காதோடு நிற்காமல் மூக்கின் பின்பகுதியைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க மூக்கில் ரத்தம், கழுத்தின் பின்பக்க முக்கோணத்தில் கட்டி, பொருள் இரண்டாகத் தெரிதல் இவையும் இதன் அடையாளம். தென்சீனத்தில் இது மிக அதிகம். இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர்ப் பக்கம். எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இதில் பங்குண்டு.

#5 வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சேர்க்கை. காது வலியை இடைச்சுவர் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார், ஆனால் நாட்கள் வீணாகிறது அங்கேதான்.

டான்சில், நாக்கடி ஆகியவற்றின் உணர்வைக் கொண்டுபோகிற ஒன்பதாம் நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. குரல்வளை, விழுங்குபாதைப் பள்ளங்களின் உணர்வைக் கொண்டுபோகிற பத்தாம் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்தின் தோலுக்குப் போகிறது. மூளைக்கு வந்து சேருகிற வழி ஒன்று என்பதால் தொண்டையில் இருக்கிற நோவைக் காது நோவென்று மூளை பிழையாக எடுத்துக்கொள்ளும். ஆள் காதைத்தான் காட்டுவார். மருந்துக் கடையில் காதுச் சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுவார்.

ஆகவே ஒரு காதில் மட்டும் நோவு, ஓட்டஸ்கோப்பால் பார்த்தால் செவிப்பறை சுத்தம், அமுக்கினால் காதில் நோவில்லை, ஆள் சுருட்டோ வெற்றிலையோ பாவிக்கிறவர் என்றால் அது காது வருத்தம் இல்லை. கடைவாய்ப் பல்லையும் தாடை மூட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு உடனே தொண்டைக்கு அனுப்புங்கள். கம்மல் இல்லையே என்று நிறுத்திவைக்க வேண்டாம்.

#6 வெண்சங்கு

நன்றி வடலி. காது என் கேள்விகளில் இல்லவே இல்லை, சேர்த்துக்கொள்கிறேன்.

களத்தில் அதிகம் கேட்கும் புகார் இன்னொன்று: “தொண்டையில ஏதோ உருண்டை மாதிரி அடைச்சிருக்கு, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல.” அதிலும் பெண்கள் நிறைய. இதை என்ன செய்வது?

#7 குரல்பயிற்சி

ஒரே ஒரு கேள்வி போதும்: “சோறு சாப்பிடும்போது அந்த உருண்டை என்ன ஆகிறது?”

சாப்பிடும்போது காணாமல் போய், சும்மா எச்சில் விழுங்கும்போது மட்டும் உறுத்தினால், தொண்டைக்குழியின் நடுவில் இருந்தால், மனக்கவலை கூடும்போது கூடினால், அது பெரும்பாலும் தசை இறுக்கமும் அமிலமும் சேர்ந்த தொந்தரவு. இவர்கள் எடை இறங்காது.

சாப்பிடும்போதுதான் அதிகமாகிறது, ஒரு பக்கமாக இருக்கிறது, “இங்கே” என்று ஒற்றை விரலால் காட்டுகிறார் என்றால் கவலைப்பட வேண்டியது. அடுத்துக் கேட்க வேண்டியது உணவின் வரிசை. முதலில் சப்பாத்தியும் இறைச்சியும் நிற்கும், பிறகு சோறு, அப்புறம் குழைந்த சோறு, கடைசியில் கஞ்சி. இந்த வரிசையில் ஆள் இறங்கி வந்திருந்தால் வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. பலர் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். “பல்லில்லை, அதனால் கஞ்சிதான்” என்பார்கள். ஆறு மாதம் முன்பு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் வரும்.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறதா என்றும் கேளுங்கள். நாண் ஒன்று அசையாமல் நின்றால் மூடும் வேலை பாதியாகி, தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

#8 இடைச்சுவர்

நாண் அசையாமல் நிற்பது என்றதும் இன்னொன்று. இடது நாணுக்குப் போகும் நரம்பு நேராக வருவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறுகிறது. ஆகவே தொண்டையில் ஒன்றுமே இல்லாமல் இடது நாண் மட்டும் செயலிழந்திருந்தால் நுரையீரலைத் தேட வேண்டும். தைராய்டையும். தொண்டை சுத்தம் என்று அனுப்பி வைத்துவிடக் கூடாது, மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சு வரை சிடி எடுக்க வேண்டும்.

குரல்வளையில் காசநோயும் வரும். பார்வைக்குப் புற்று மாதிரியே இருக்கும். மார்பு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் இந்த ஊரில் விடக்கூடாதவை.

#9 ஊர்_டாக்டர்

எல்லாம் சரி, நடைமுறை ஒன்று இருக்கிறதே. கம்மலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் மேலேறுவதும் தவறான குரல் பயன்பாடும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குரல்வளையைப் பார்க்கும் கேமராக் குழாய், அதாவது ஸ்கோப், கிடையாது. ஆறு வாரம் பான்டோப்ரசோல் கொடுத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

#10 இடைச்சுவர்

தவறு அந்த ஆறு வாரம்தான், டாக்டர். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எதுவும் இல்லாமல் கம்மல் மட்டும் உள்ளவருக்கு நாணைப் பார்க்காமல் அமில மருந்து தராதே என்று அதே 2018 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆன்டிபயாடிக்கும், வாய்வழி ஸ்டீராய்டும் அப்படியே. இதில் ஸ்டீராய்டு மோசமானது. கட்டியைச் சுற்றிய வீக்கம் வற்றி பத்து நாள் குரல் தெளியும். ஆள் குணமாகிவிட்டது என்று திரும்பி வரமாட்டார். வரும்போது மூச்சு இழுத்துக்கொண்டு வருவார்.

#11 ஊர்_டாக்டர்

புகையிலை தொடாத 25 வயதுக்காரருக்குமா?

#12 இடைச்சுவர்

அவருக்கு நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. குரலுக்கு ஓய்வு, தண்ணீர், ஆவி, நாலு வாரம் பொறுக்கலாம். 45 வயது, பீடி, கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காது வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக்கு முன் ஸ்கோப். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#13 பாக்குமட்டை

‘புகை, மது’ என்று இரண்டு வார்த்தையில் காரணத்தை முடித்துவிடுகிறோம். ஆள் எதை, எப்படி, எத்தனை வருஷம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பீடி: இலைச் சுற்று காற்று புகாதது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் சிகரெட்டை விட அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கிறார்கள். புகையிலை குறைவாக இருந்தும் தாரும் நிகோடினும் குறைவாக உள்ளே போவதில்லை. “பீடி லேசானது” என்பது வியாபாரப் பேச்சு.

மது: தனியாகவே காரணி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. உடல் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது, அது மரபணுவைக் கெடுக்கிறது. புகையோடு சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். நாணை விட விழுங்குபாதைக்கும் நாணுக்கு மேலுள்ள பகுதிக்கும் மதுவின் பங்கு அதிகம், ஏனென்றால் அது நேராகப் படுவது அங்கேதான். நாணுக்கு மட்டும் என்றால் புகைதான் முதல் குற்றவாளி.

வேலை சார்ந்தவை: ஆஸ்பெஸ்டாஸ் தூசு, கந்தக அமிலம் போன்ற வலுவான அமிலங்களின் ஆவி. இரண்டும் குரல்வளைப் புற்றுக்கு உறுதியான காரணிகள். முலாம் பூசும் பட்டறை, பேட்டரி வேலை, பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைப்பு. தொழிலைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

சூடான டீ, சத்தமாகப் பாடுவது, ஐஸ் தண்ணீர், மீன் முள் குத்தியது இவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் சந்தேகத்துக்குரியதுதான், ஆனால் அது உணவுக்குழாய்க் கணக்கு.

#14 வெண்சங்கு

“நான் புகையிலை போடுறதில்ல, வெறும் வெத்தல பாக்குதான்” என்பவரை எந்தப் பக்கம் வைப்பது? அதைச் சொன்னதும் முகம் மாறுகிறது. தாம்பூலத்தைக் குறை சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

#15 ஸ்லைடு_வாசகன்

பாக்குமட்டை சொன்ன அதே ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு கொட்டைப்பாக்கையே, புகையிலை கலக்காமல் தனியாகவே, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. புகையிலை இல்லாத தாம்பூலத்துக்கு அந்தத் தொகுப்பில் சான்று வலுவாக இருந்தது வாய்ப் புற்றுக்கு. புகையிலை சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றும். வெற்றிலை இதில் குற்றவாளி இல்லை. பாக்கின் அல்கலாய்டும், அதைச் சுண்ணாம்பின் காரத்தன்மை வேகமாகத் திசுவுக்குள் இறக்குவதும்தான் பிரச்சினை.

கல்யாண வீட்டில் ஒருநாள் போட்டவரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்குபவரைப் பற்றித்தான் பேச்சு. முகம் மாறினால் அதைச் சொல்லுங்கள்.

#16 பல்லாண்டு

பாக்குப் போடுபவரிடம் மூன்று விரலை அடுக்கி நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொல்லுங்கள், அவருடைய விரல், உங்களுடையது அல்ல. மூன்று போகவில்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் அது நார்த்திசுப் படிவம். புற்றாக மாறக்கூடிய முன்நிலை. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது தணியலாம், இறுகியது அப்படியே தளர்ந்து திரும்பாது. இப்படி வாய் திறக்காதவருக்குத் தொண்டையில் எதுவும் டார்ச்சில் தெரியாது, மூக்கு வழி ஸ்கோப்தான் ஒரே வழி.

#17 வடலி

எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பற்றி ஒருவரும் எழுதவில்லையே?

#18 ஸ்லைடு_வாசகன்

டான்சிலும் நாக்கடியும்தான் அதன் இடம், குறிப்பாக 16ஆம் வகை. குரல்வளையில் அதன் பங்கு மிகக் குறைவு. அமெரிக்காவில் அந்தப் பகுதிப் புற்றுகளில் 10இல் 7 வரை எச்பிவியால் என்று கணக்கு. இந்தியாவில் புகையிலை முன்னே நிற்பதால் அந்த விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் புகை, மது, பாக்கு மூன்றும் இல்லாத 45 வயதுக்காரர் கழுத்துக் கட்டியோடு வந்தால் “உங்களுக்கு வராது” என்று சொல்லிவிடாதீர்கள்.

பயாப்ஸியில், அதாவது வெட்டியெடுத்த திசுத் துண்டில், பி16 என்ற சாயம் போடுகிறோம். 70 சதவீதத்துக்கு மேற்பட்ட செல்களில் உட்கருவிலும் வெளியிலும் அழுத்தமாக ஏறினால்தான் பாசிட்டிவ். புற்று எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்கும் கையேட்டின் எட்டாம் பதிப்பிலிருந்து பி16 பாசிட்டிவ் டான்சில் புற்றுக்குத் தனி அட்டவணை, ஏனென்றால் சிகிச்சைக்கு நன்றாக இசைந்து கொடுக்கிறது. ரிப்போர்ட்டில் பி16 இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நாண் புற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை, வீண் செலவு.

இதில் ஒரு பொறி. இவ்வகையில் கழுத்துக் கட்டி நீர்க்கட்டியாக இருக்கலாம். ஊசியில் தெளிந்த நீர் வரும், ரிப்போர்ட்டில் ‘நீர்க்கட்டி’ என்று போடுவோம், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். 40க்கு மேல் கழுத்தில் புதிதாக வந்த நீர்க்கட்டியைப் புற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை புற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அல்ட்ராசவுண்டு பார்த்து நீரை விட்டுவிட்டுச் சுவரிலிருந்து ஊசி எடுக்கச் சொல்லுங்கள்.

#19 வெண்சங்கு

கழுத்துக் கட்டி என்றாலே ஊரில் இரண்டு பதில்தான். “டிபி மாத்திரை சாப்பிடு”, இல்லாவிட்டால் “கத்தி வைக்காதே, பரவிடும்”.

#20 ஸ்லைடு_வாசகன்

இரண்டிலும் கால்வாசி உண்மை இருப்பதுதான் தொல்லை.

டிபி நெறி இங்கே நிறைய உண்டு. ஆனால் ஊசிப் பரிசோதனை செய்யாமல் ஆறு மாத மாத்திரை தொடங்குவது சூதாட்டம். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல், கல் போல, அசையாமல், வலியில்லாமல், இரண்டு வாரமாகியும் சுருங்காத கட்டி என்றால் எஃப்என்ஏசி என்ற அந்த ஊசிப் பரிசோதனை. 23 கேஜ் ஊசி, ரத்தம் எடுப்பதுபோலத்தான், மயக்க மருந்து வேண்டாம். அதனால் பரவுவதில்லை.

ஆனால் கத்தி விஷயத்தில் ஊர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. தொண்டையைப் பார்க்காமல், ஊசியும் எடுக்காமல், கழுத்துக் கட்டியை முதலிலேயே வெட்டி எடுத்து ‘பயாப்ஸிக்கு’ அனுப்பும் வழக்கம் இருக்கிறதே, அது கெடுதல். கட்டியின் உறை கிழியும், தசைகளுக்கிடையேயான தளங்கள் வடுவாகும், பிறகு முறையான அறுவை செய்பவருக்கு எல்லை தெரியாது. முதலில் ஸ்கோப், பிறகு ஊசி. முளைத்த இடம் தெரிந்தால் அங்கிருந்து பயாப்ஸி. கழுத்தை வெட்டுவது கடைசி.

கட்டி இருக்கும் இடமும் துப்புத் தரும். தாடைக் கோணத்துக்குக் கீழே என்றால் டான்சில், நாக்கடி, நாணுக்கு மேலுள்ள பகுதி. கழுத்தின் பின்பக்கம் என்றால் மூக்கின் பின்புறம். இடது காறை எலும்புக்கு மேலே மட்டும் என்றால் தொண்டையை விட நெஞ்சையும் வயிற்றையும் தேடுங்கள்.

#21 ஊர்_டாக்டர்

ஸ்கோப் என்றதும் வயிற்று எண்டோஸ்கோப்பி என்று பயந்து போகாமல் நின்றுவிடுகிறார்கள். என்ன நடக்கும் என்று யாராவது எழுதினால் பிரிண்ட் எடுத்து ஒட்டலாம்.

#22 இடைச்சுவர்

உட்கார்ந்தபடிதான். மூக்கில் மரக்கும் மருந்தும் சுருக்கும் மருந்தும் நனைத்த பஞ்சு வைப்போம் அல்லது ஸ்பிரே அடிப்போம், 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். பென்சிலை விட மெல்லிய, 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாய் மூக்கு வழியாக இறங்கும். பார்ப்பது இரண்டு மூன்று நிமிடம். நாக்கை நீட்டச் சொன்னால் நாக்கடிப் பள்ளம் தெரியும். “ஈ” என்று இழுக்கச் சொன்னால் நாண் இரண்டும் சேர்வது தெரியும். மூக்கைப் பொத்திக் கன்னத்தை ஊதச் சொன்னால் அந்தப் பக்கப் பள்ளங்கள் விரியும். இந்தக் கடைசியைச் செய்யாமல் ‘நார்மல்’ என்று எழுதும் ரிப்போர்ட்டை நான் முழுதாக நம்புவதில்லை. பள்ளத்தில் எச்சில் தேங்கி நின்றாலே கீழே ஏதோ அடைக்கிறது.

தொண்டையும் மரத்திருக்கும் என்பதால் தெளியும் வரை, ஒரு மணி நேரமளவு, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் புரையேறும்.

ஸ்கோப் தவறவிடும் இடங்களும் உண்டு: டான்சிலின் குழிகளுக்குள், நாக்கடியின் சதைக்குள், பள்ளத்தின் அடிமுனை, குரல்வளைக்குப் பின்புறம், நாணுக்குக் கீழே. அதனால் டான்சிலையும் நாக்கடியையும் கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்குத் தெரியும் கடினம் கேமராவுக்குத் தெரியாது. ஸ்கோப் நார்மல், ஆனால் அறிகுறி அப்படியே என்றால் நாலு முதல் ஆறு வாரத்தில் மறுபடி, அல்லது சிடியும் மயக்கத்தில் நேரடிப் பரிசோதனையும்.

#23 குரல்பயிற்சி

குரல்வளைக்குப் பின்புறம் என்று சார் சொன்ன இடம் பெண்களுக்கு முக்கியம். புகை, மது எதுவும் இல்லாத, வெகுநாள் இரும்புச்சத்துக் குறைவுள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் வாயில் மெல்லிய சவ்வு வளரும். விழுங்க மெல்ல மெல்லச் சிரமம், வெளிறிய முகம், கரண்டி போலக் குழிந்த நகம், வழவழத்த நாக்கு, வாய்க் கோடிகளில் வெடிப்பு. அந்த இடத்தில்தான் பிறகு புற்று வரலாம். ரத்தசோகை மாத்திரை கொடுக்கும்போதே “சோறு இறங்குகிறதா” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். #7இல் நான் சொன்ன உருண்டை வேறு, இது வேறு. இவர்களுக்கு எடை இறங்கும்.

#24 பாக்குமட்டை

நோய் உறுதியான பிறகும் “இனிமே விட்டு என்ன ஆகப்போவுது” என்று தொடர்பவர்களுக்காக: கதிர்வீச்சு வேலை செய்யத் திசுவில் ஆக்ஸிஜன் வேண்டும். புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிகிச்சையின்போது புகைப்பவருக்குப் பலன் குறைகிறது, வாய்ப்புண் கூடுகிறது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை.

நிகோடின் சூயிங்கத்தைப் பபிள்கம் மாதிரி மெல்வதால்தான் பலருக்கு விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து விட்டுவிடுகிறார்கள். மிளகுக் காரம் வரும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்று அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்னிருந்து காபி, எலுமிச்சை ஜூஸ் கூடாது. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2.

#25 கதிர்மேசை

இழையின் தலைப்பு அறிகுறிதான், இருந்தாலும் அனுப்பும் இடத்திலேயே செய்யக்கூடிய இரண்டு வேலை.

பல்: ‘கரன்ட் வைப்பதற்கு’ முன் பல் மருத்துவரைப் பார்த்தே வர வேண்டும். பிடுங்க வேண்டியதைக் கதிர்வீச்சு தொடங்க 10 முதல் 14 நாளுக்கு முன்பே பிடுங்கி ஆறவிட வேண்டும். அதிகக் கதிர் பட்ட தாடையில் பின்னாளில் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகலாம், பத்து வருஷம் கழித்தும்.

நாள் தவறாமை: முற்றிய நோய்க்கு வழக்கமாக 35 தவணை, வாரம் ஐந்து நாள், ஏழு வாரம். நடுவில் நழுவும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறைகிறது. திருவிழா, அறுவடை, கல்யாணம் எல்லாம் இதற்குள் வரும். தங்குமிடமும் பயணமும் முதல் நாளே பேசி முடிக்க வேண்டியவை.

#26 வடலி

ஸ்கோப்புக்கும் சிடிக்கும் நாள் குறிக்காமல் ஓட வேண்டிய ஒன்றும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கீச்’ என்று சத்தம், கழுத்துக் குழி உள்வாங்குவது, படுக்க முடியாமல் முன்னே சாய்ந்து இருப்பது. இது மூச்சு வழி அடைபடுவது. ஆஸ்துமா இழுப்பு பெரும்பாலும் வெளியே விடும்போது கேட்கும், இது உள்ளே இழுக்கும்போது. நெபுலைசர் வைத்து நேரம் போக்காமல், படுக்க வைக்காமல், தூக்க மருந்து கொடுக்காமல், இருந்தபடியே சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு. ஆம்புலன்ஸ் எண் அங்கே 108, எங்களுக்கு 1990.

#27 வெண்சங்கு

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்: எத்தனை வாரம், நடுவில் நல்ல நாள் உண்டா, ஒரு காது, ஒரு பக்கக் கட்டி, ஆறு மாதம் முன் என்ன சாப்பிட்டார். ரெஃபரல் சீட்டில் என்ன எழுதினால் மேலே திருப்பி அனுப்ப மாட்டார்கள்?

#28 ஊர்_டாக்டர்

‘தொண்டை வலி, பரிசோதிக்கவும்’ என்று எழுதினால் வரிசையின் கடைசிக்குப் போகும். ‘கம்மல் 5 வாரம், தொடர்ச்சியாக, வலது காது வலி, செவிப்பறை இயல்பு, வலது தாடைக்குக் கீழ் 2 செ.மீ. கடினக் கட்டி, பீடி நாளுக்கு 20, 30 வருஷம், எடை 58இலிருந்து 51’ என்று எழுதிப் பாருங்கள். பீடிக்குக் ‘கட்டு’ என்று மட்டும் போடாதீர்கள், கட்டில் எத்தனை என்று எண்ணிக்கை வேண்டும்.

#29 இடைச்சுவர்

அதோடு மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போல ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் உண்டா, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் க்ரியாட்டினின் கடைசியாகப் பார்த்தபோது எவ்வளவு. முதலாவது தெரியாததால் பயாப்ஸி தேதி தள்ளும், மற்ற இரண்டும் தெரியாததால் சிடி மருந்து ஏற்றுவது தள்ளும். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் வம்பு. எழுதி மட்டும் அனுப்புங்கள்.